மூன்றாம் ஆளுக்கு இடமில்லாத வண்டி

எங்கள் வீட்டில் ஒருநாளாவது படுக்காத சொந்தக்காரர் ரொறன்ரோவில் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், போய்க் கும்பிட்டுவிட்டு வருகிறேன்.

அஜின்கோர்ட்டில் இந்த வீட்டை வாங்கிய முதல் வாரமே என் மனுசன் அன்புராசாவின் மச்சான் ஒருவர் விமானத்தால் இறங்கி நேரே வந்து பேஸ்மென்ற்றில் படுத்தார். அவர் கலியாணம் கட்டிப் போனபிறகு அவருடைய தம்பி வந்தான். பிறகு படிக்க வந்த பிள்ளைகள், பெண்சாதியோடு கோபித்துக்கொண்டு வந்த ஆம்பிளைகள், வேலை கிடைக்கும்வரை என்று வந்து வேலை கிடைத்த பிறகும் நின்றவர்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் எங்கள் வீடு சும்மா கிடக்கிறது என்று சனம் தாங்களே ஒரு முடிவு எடுத்துவிட்டார்கள். "உங்களுக்கென்ன, இடம் தாராளமாக் கிடக்கு" என்பார்கள். அதைக் கேட்கிற நேரமெல்லாம் யாரோ என் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவதுபோல இருக்கும். ஆனாலும் சிரித்துக்கொண்டு தலையணை உறை மாற்றப் போவேன்.

அன்புராசா கெட்டவர் இல்லை. யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். என்னிடம் மட்டும் அவருக்கு அது சொல்லத் தெரியும்.

அவர் அச்சகத்திலும் நான் மருந்துப் பெட்டி கட்டுகிற தொழிற்சாலையிலும் வேலை செய்து, போன வருடம் இரண்டு பேரும் ஓய்வு எடுத்தோம். அந்தப் பனிக்காலத்தில் ஒருநாள் யூரியூப்பில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைப் பார்த்தேன். எங்கள் வயதுதான் இருக்கும். போர்த்துக்கலில் ஒரு கடற்கரையில் கேம்பர் வானை நிறுத்திவிட்டுக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குள் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, முகம் கழுவ ஒரு தொட்டி. நான் கடலைப் பார்க்கவே இல்லை. இருக்கைகளைத்தான் பார்த்தேன். முன்னுக்கு இரண்டு, அவ்வளவுதான். மூன்றாவது ஆள் ஏற ஏலாது. எப்படியோ ஏறிவிட்டாலும் படுக்க ஏலாது.

எனக்கு வேண்டியது அதுதான். ஐரோப்பாவை நான் ஏற்கெனவே இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். பாரிசில் பார்த்தது ஒரு மச்சாளின் சமையலறை. சூரிச்சில் பார்த்தது ஒரு பெரியம்மாவின் மகளுடைய சமையலறை. இரவில் வரவேற்பறையில் காற்றடித்த மெத்தையில் படுத்து, வீட்டுக்காரர் எழும்பமுதல் எழும்பி, மெத்தையை மடித்து வைத்துவிட்டு, சும்மா இருக்கக் கூச்சமாக இருந்து, வெங்காயம் உரித்தேன். இந்தத் தரம் யாருடைய கதவையும் தட்டாமல், யாரும் என் கதவைத் தட்டாமல், மூன்று மாதம். விசா இல்லாமல் அதற்குமேல் நிற்கவும் ஏலாது. எனக்கு அது போதும்.

அன்புராசாவுக்கும் பிடித்திருந்தது. "லூர்து, பாத்திமா, ஜேர்மனியில கேவலார் மாதா, எல்லா இடமும் போகலாம்" என்றார்.

"எங்கயெண்டாலும் போய்க் கும்பிடுங்கோ. இரவில நான் என்ர கட்டிலில படுக்கவேணும்" என்றேன்.

வாடகைக்கு எடுப்பதைவிட வாங்கி ஓடிவிட்டு விற்பது நல்லது என்று விசாரித்து அறிந்தேன். வாங்குவது பெரிய வேலை இல்லை. அதை யார் பெயரில் பதிவது, யார் இன்சூரன்ஸ் தருவது என்பதில்தான் எல்லாரும் தடக்கி விழுகிறார்கள். ஷெப்பேர்ட் வீதியில் அமிர்தநாதர் என்று ஒருவர் இருக்கிறார். ஸ்காபரோவில் பாதித் தமிழருக்கு அவர்தான் கார் இன்சூரன்ஸ், வீட்டு இன்சூரன்ஸ் எல்லாம் போட்டுக் கொடுப்பவர். அவரிடம் போய்க் கேட்டேன்.

"தங்கச்சி, அங்க ஓடுற வாகனத்துக்கு இஞ்ச ஒருத்தனும் தரான். அங்க வீட்டு விலாசம் இல்லாட்டி அங்கயும் லேசில தராங்கள்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன், ஜேர்மனி, பிரான்ஸில உங்கட ஆக்கள் ஒருதரும் இல்லையே? ஆக்கள் இல்லாத சனமே நாங்கள்? அவையில ஆற்றையேனும் பேரில எழுதுங்கோவன்" என்றார்.

கேட்ட எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். கோயிலில் கேட்டாலும் அது, நகைக்கடையில் கேட்டாலும் அது. எங்கள் ஆட்களுக்கு எந்தப் பூட்டுக்கும் ஒரே திறப்புத்தான், சொந்தக்காரன் பெயர்.

நான் விடவில்லை. மின்னஞ்சல் எழுதினேன், விடிய எழும்பித் தொலைபேசி எடுத்தேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தெரியாத ஊர்களோடு கதைத்தேன். சிலர் சிரித்தார்கள், சிலர் வைத்துவிட்டார்கள். கடைசியில் ஒல்லாந்தில் சின்ன ஊர் ஒன்றில் ஒரு பெண்ணைப் பிடித்தேன். அவர்களுடைய நிறுவனம் எங்களைப்போல வெளியாட்களுக்கென்றே வண்டி விற்கிறது. விலாசம் அவர்களுடையது, பதிவு அவர்கள் பார்ப்பார்கள், இன்சூரன்ஸ் எங்கள் இரண்டு பேருக்கும், முடிந்ததும் வண்டியை அவர்களே திருப்பி எடுப்பார்கள். கொஞ்சம் விலைதான். பழைய வெள்ளை வான் ஒன்றின் படங்களை அனுப்பினாள். இரண்டு இருக்கை, ஒரு கட்டில். கனடா லைசென்சோடு இதை ஓட்டலாமா என்று கேட்டேன். சின்ன வண்டிதானே, சர்வதேச அனுமதி ஒன்று எடுத்து வந்தால் நன்றாக ஓட்டலாம் என்றாள். அன்றைக்கு நான் தனியாக நின்று சிரித்தேன். ஒருவரையும் கேட்காமல், ஒருவருக்கும் நன்றிக்கடன் படாமல் ஒரு காரியம் என் கையால் நடந்திருக்கிறது.

முற்பணம் அனுப்ப இருந்த கிழமைதான் அன்புராசா சீமோனுக்குச் சொன்னார். சீமோன் அவருடைய சித்தப்பாவின் மகன், ஜேர்மனியில் டோட்முண்டில் இருப்பவன்.

"அவனுக்கு ஏன் இப்ப சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"சொல்லாமல் போறது முறையே? பிறகு கேள்விப்பட்டால் கோவிப்பான்."

"கோவிக்கட்டும்."

"நீர் என்ன கதை கதைக்கிறீர், றோசலின்?"

அடுத்த நாளே சீமோன் வீடியோவில் வந்தான். உண்மையிலேயே மனம் நொந்துபோயிருந்தான். அதுதான் இதில் மோசமான விசயம், அவன் நடிக்கவில்லை. "அண்ணை, உங்களுக்கு விசரே? நான் இஞ்ச இவ்வளவு காலமா இருக்க, ஆரோ ஒரு ஒல்லாந்துக்காரியிட்ட நீங்கள் வண்டி எடுக்கிறதோ? ஆரும் கேட்டால் நான் முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது? என்ர பேரில எழுதுவம். இன்சூரன்ஸும் எனக்குக் குறைவா வரும். மச்சாள், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்றான்.

அழைப்பு முடிந்ததும் நான் அன்புராசாவிடம் சொன்னேன். "அவன்ர பேரில எழுதினால் அது அவன்ர வண்டி."

"சீமோன் என்ன களவெடுக்கிறவனே?"

"களவெடுத்தால் பொலிசுக்குச் சொல்லலாம். இது அன்பு. இதுக்கு ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்த வாரமே பணம் டோட்முண்டுக்குப் போனது. ஒல்லாந்துப் பெண்ணுக்கு நான்தான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். "பரவாயில்லை, பயணம் இனிதாக அமையட்டும்" என்று பதில் போட்டாள். முன்பின் தெரியாதவள். அவளுக்கு இருந்த மரியாதை எனக்கு என் வீட்டில் இல்லை என்று அன்று அழுதேன்.

வசந்தகாலத்தில் சீமோன் வண்டியை வாங்கிப் படம் அனுப்பினான். முதலில் அது பஸ் என்று நினைத்தேன். அவனுக்குப் பின்னால் ஒரு வீடு நின்றதுபோல இருந்தது. ஆறு பேர் படுக்கலாமாம். மேலே கட்டில், பின்னால் கட்டில், மேசையை இறக்கினால் இன்னொரு கட்டில். "சின்ன வான் ஒண்டில அண்ணையும் மச்சாளும் சுருண்டு படுக்கிறதோ? கேவலார் திருவிழாவில எங்கட சனம் பாக்கட்டும், அசந்து போகும்" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தான். குடும்ப வட்ஸ்அப்பில் இதயங்களும் கும்பிடுகளும் நிறைந்து வழிந்தன. பாரிஸ் மச்சாள், "நாங்களும் வாறம்" என்று எழுதி ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தாள். எனக்கு அவள் பகிடியாக எழுதவில்லை என்று தெரியும்.

ஆறு பேர் படுக்கிற வண்டி. எது வேண்டாம் என்று நான் ஒரு பனிக்காலம் முழுக்க ஓடினேனோ, அதையே அவன் வாங்கி ரிபன் கட்டி நிறுத்தியிருந்தான்.

"மடக்குக் கட்டிலை மடக்கியே வைப்பம். ஒருதரையும் ஏத்தமாட்டன். மாதா அறிய" என்று அன்புராசா சத்தியம் பண்ணினார். மாதாவின் பெயரைச் சொன்னபடியால் நான் விட்டுக்கொடுத்தேன். நாங்கள் இரண்டு பேர், அவ்வளவுதான். வண்டி பெரிதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மே மாதம் ஒரு ஞாயிறு, பூசைக்குப் போய்வந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சீமோன் அழைத்தான். நல்ல செய்தி சொல்ல வந்தவன்போல முகத்தில் ஒரு புளுகம். "அண்ணை, ஒரு சின்னச் சிக்கல். இந்த வோன்மொபில் வண்டி மூண்டரைத் தொன்னுக்கு மேல. உங்கட லைசென்சுக்கு அதை ஓடேலாதாம். நீங்கள் ஓடினால் இன்சூரன்ஸ் ஒண்டும் தராங்களாம்."

அன்புராசாவின் கை சோற்றோடு நின்றது. "அப்ப?"

"அப்ப என்ன, நான் இருக்கிறன்தானே! என்னட்ட அந்தக் காலத்து ஜேர்மன் லைசென்ஸ், பாரமான வண்டியும் எனக்கு ஓடலாம். லீவுக்கு எழுதிப்போட்டன். நானே மூண்டு மாசமும் ஓட்டுறன். நீங்கள் ராசா மாதிரிப் பக்கத்தில இருந்து வாங்கோ."

பின்னாலிருந்து அவன் மனைவி ஜூலி தலையை நீட்டினாள். "அக்கா, இவரைத் தனிய விடேலாது, பிறஷர் இருக்கெல்லோ. நானும் வாறன். நாங்கள் ரெண்டுபேரும் கதைச்சுக் கதைச்சுச் சமைக்கலாம்."

கதைச்சுக் கதைச்சுச் சமைக்கலாம். சீமோன் தொடர்ந்து கட்டில் விபரம் சொன்னான். பின்னால் இருக்கிற பெரிய கட்டில் தனக்கும் ஜூலிக்குமாம், வண்டி ஓட்டுகிற ஆள் நல்லாக நித்திரை கொள்ளவேண்டுமாம். மேலே இருப்பதற்கு ஏணியில் ஏறவேண்டும், எங்கள் முழங்காலுக்குச் சரிவராதாம். ஆகவே எங்களுக்கு மேசையை இறக்கிப் போடுகிற கட்டில். "காலமை கொஞ்சம் வெள்ளன எழும்பவேணும் மச்சாள், மேசையைத் திரும்பத் தூக்கினால்தானே நாங்கள் சாப்பிடலாம்."

காற்றடித்த மெத்தை இப்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அவன் வைத்த பிறகு நான் சொன்னேன். "நான் வரேல்லை."

அன்புராசா கை கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். "இப்ப வேண்டாம் எண்டால் சீமோன் என்ன நினைப்பான்? லீவெல்லாம் போட்டிட்டான்."

"நான் என்ன நினைப்பன் எண்டு ஒருநாளாவது யோசிச்சனீங்களா?"

"உமக்காகத்தானே இவ்வளவும்!"

"எனக்காகவோ? எனக்கு ரெண்டு பேர் போற வண்டி ஒண்டு கிடைச்சது. நானே தேடி எடுத்தது. அதைத் தட்டிவிட்டது நீங்கள்."

"ஒரு கட்டிலுக்கு இவ்வளவு வீம்பு பிடிக்கிற பொம்பிளையை நான் கண்டதில்லை" என்றார். உண்மையாகவே அவருக்கு அது ஒரு கட்டிலாகத்தான் தெரிந்தது. இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்த மனுசனுக்கு நான் எதைக் கேட்கிறேன் என்று விளங்கவில்லை. அது எனக்குக் கோபத்தைவிடக் களைப்பைத்தான் தந்தது. அவர் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் தன் உடுப்புப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார்.

பிறகு மெல்ல மெல்ல எனக்கு வேறு ஒரு எண்ணம் வந்தது. அவர் மூன்று மாதம் இல்லை. பேஸ்மென்ற்றில் இப்போது யாரும் இல்லை. வீட்டில் நான் ஒருத்தி மட்டும். இந்த வீட்டில் நான் தனியாக ஒரு இரவுகூட இருந்ததில்லை. நான் ஐரோப்பாவில் தேடியது இங்கேயே கிடைக்கப்போகிறது, அதுவும் இன்சூரன்ஸ் இல்லாமல். அதை நினைக்க நினைக்கக் கோபம் ஆறியது. அவருக்குப் பெட்டி அடுக்கிக் கொடுத்தேன். மருந்துகளைத் தனித்தனியாகப் பையில் போட்டுக் கொடுத்தேன். எனக்கே ஆச்சரியம், பாட்டுக்கூட முணுமுணுத்தேன். அவர் அதைப் பார்த்து, "பாத்தீரே, உமக்கும் விருப்பம்தான். வீம்புதான் விடுதில்லை" என்றார்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் பியர்சன் விமான நிலையத்தில் அவரை இறக்கிவிட்டேன். கார் நிறுத்துமிடத்துக் காசு எதற்கு என்று வாசலிலேயே பெட்டியை எடுத்தார். போகும்போது ஏதோ சொல்ல வந்தவர்போல ஒருமுறை திரும்பினார். பின்னால் ஒரு டாக்சிக்காரன் ஹோன் அடித்தான். "போய்ப் போன் அடிக்கிறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாலு-சைபர்-ஒன்று நெடுஞ்சாலையில் வழக்கம்போல நெரிசல். எனக்கு எரிச்சலே வரவில்லை. வீட்டுக்குப் போனால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் செய்யமாட்டேன். சமைக்கமாட்டேன். பாணும் சம்பலும் போதும். கோப்பையை மேசையிலேயே விட்டுவிடுவேன். குளியலறைக் கதவைச் சாத்தாமல் குளிப்பேன். சாத்தாமல் குளிக்கிறது என்பது என் வயதில் ஒரு ஆசையா என்று நீங்கள் சிரிக்கலாம். முப்பது வருடம் சாத்திவிட்டுப் பாருங்கள்.

எங்கள் வீதியில் திரும்பியதும் வீட்டு வாசலில் ஒரு சாமான் ஏற்றுகிற லொறி நின்றது. பக்கத்து வீட்டுக்கு யாரோ வருகிறார்கள் என்று நினைத்தேன். கிட்டப் போனபோது லொறி எங்கள் வாசலில்தான் நிற்கிறது என்று தெரிந்தது. முன்கதவு திறந்து கிடந்தது. யூட்சன் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறினான். யூட்சன் அன்புராசாவின் தமக்கையின் மகன். போன வருடம்தான் கலியாணம் முடித்தவன்.

என்னைக் கண்டதும் அவன் முகம் பேயறைந்ததுபோல ஆனது. "மாமி! நீங்கள் போகேல்லையா?"

உள்ளேயிருந்து அவன் மனைவி மெலனி ஓடிவந்தாள். ஏழாம் மாத வயிறு. ஒரு கையில் என் திரைச்சீலை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழை நிறுத்தி நிறுத்திக் கதைப்பாள். "மாமி, ஐ ஆம் ஸோ ஸொறி, மாமா ஈஸ்ரருக்கே சொன்னவர். நீங்கள் ரெண்டுபேரும் இல்லை, வீடு சும்மா கிடக்கும், வந்து இருங்கோ எண்டு. எங்கட ஒஷாவா வீடு இலையுதிர் காலத்துக்குத்தான் றெடி. அப்பார்ட்மென்ற்றையும் விட்டிட்டம். மாமாதான் கீ தந்தவர்" என்று மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள்.

நான் மேலே போய்ப் பார்த்தேன். என் அறையில் என் கட்டில் சுவரோடு நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் அவர்களுடைய கட்டில். சன்னலடியில் ஒரு தொட்டிலின் பலகைகள், இன்னும் பூட்டவில்லை. என் உடுப்புகளை நன்றாக மடித்துப் பெட்டிகளில் போட்டிருந்தாள். கவனமான பிள்ளை.

தொலைபேசி எடுத்தேன். அன்புராசா விமானம் ஏறும் வாசலில் இருந்தார்.

"ஐயோ, சொல்ல மறந்தே போனன்" என்றார். "வாசலில சொல்லுவம் எண்டுதான் திரும்பினனான், உவன் ஹோன் அடிச்சுப்போட்டான். அந்த நேரம் நீரும் வாறதாத்தானே இருந்தது. பிறகு பிள்ளைத்தாச்சியை எப்படி வராதை எண்டு சொல்லுறது?"

"என்ர அறைக்குள்ள இருக்கினம்."

"மேல் அறைதானே வெளிச்சம், அதுதான் சொன்னனான். நீர் பேஸ்மென்ற்றில படுக்கலாம்தானே றோசலின், மூண்டு மாசம்தானே. உமக்கும் தனிமை இல்லை. கூப்பிடுகினம், வைக்கிறன்."

வைத்துவிட்டார். மூன்று மாதம் ஐரோப்பாவைச் சுற்றப் போகிறார். அவருடைய சொந்தக்காரர் அவரை ராசாவாக வைத்துப் பார்ப்பார்கள். நான் படிகளில் இறங்கிச் சமையலறைக்கு வந்து கதிரையில் இருந்தேன். கத்தவேண்டும் போல இருந்தது. சாமான் எல்லாவற்றையும் தூக்கி வெளியே எறியவேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அந்த வயிற்றை வைத்துக்கொண்டு அவள் நிற்கிறாள். நான் எதைத் தூக்கி எறிவது? அதுவும் அவருக்குத் தெரிந்துதான் இருக்கும்.

மெலனி அலுமாரிகளைத் திறந்து திறந்து பார்த்துத் தேயிலையைக் கண்டுபிடித்தாள். கேத்திலை வைத்தாள். தேத்தண்ணி ஊற்றி, பிளேற்றில் நாலு பிஸ்கட் அடுக்கி, என் முன்னால் வைத்தாள். சீனி அதிகம். நான் சீனி விட்டுப் பல வருடம். யூட்சன் வாசலில் தயங்கிக்கொண்டு நின்றான். அவள் என் தோளில் கை வைத்து, தாய் சொல்லிக் கொடுத்ததை ஞாபகப்படுத்திச் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக, முழு அன்போடு சொன்னாள்.

"குடியுங்கோ மாமி. கூச்சப்படாதேங்கோ. உங்கட வீடு மாதிரி நினைச்சுக்கொள்ளுங்கோ."

"ஓம் பிள்ளை, நன்றி" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன்.